லேப்டாப் இருந்த விரதம்

போன கார்த்திகை வரைக்கும் வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, "சித்தர் கடை எது?" என்று யாரைக் கேட்டிருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருப்பார்கள். எந்தச் சித்தர் என்று ஒருவரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். மூட்டுவலிக்குச் சித்தர், மூலத்துக்குச் சித்தர் எல்லாம் பழைய காலம். நாங்கள் முன்னேறிவிட்டோம். எங்களுக்கு லேப்டாப்புக்கே ஒரு சித்தர் இருந்தார்.

பெயர் நாதலிங்கச் சித்தர். பெற்றோர் வைத்த பெயர் குற்றாலிங்கம். அதற்கு முந்தைய வருஷம் வரை பஸ் ஸ்டாண்டு வாசலில் குடையை விரித்து, செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டும்போது உள்ளே குமிழி விழுந்தால், "அது தானாப் போயிரும்" என்பார். போகாது. ஆனால் அந்தக் குரலில் அப்படி ஓர் உறுதி இருக்கும். குமிழியோடு போனை வாங்கிக்கொண்டு, நாம்தான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வருவோம். இந்தக் குரலைப் போய் கண்ணாடி ஒட்டி வீணாக்குகிறோமே என்று அவருக்கே ஒருநாள் தோன்றியிருக்க வேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்தர் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. ஜெராக்ஸ் கடை. ஊருக்கே நான் ஜெராக்ஸ் அண்ணாச்சிதான். ரேஷன் கார்டில் உள்ள பெயர் எனக்கே சட்டென்று வாயில் வராது. சித்தர் கடையில் கூட்டம் நின்றால், நின்ற நேரத்துக்கு நாலு பேர் என்னிடம் ஆதார் கார்டை நகலெடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் நான் ஏதோ நடுநிலையோடு பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். கூட்டத்துக்கு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டவனே நான்தான்.

சித்தர் கடை வாசலில் மஞ்சள் பலகை தொங்கும். "சத்தத்துக்குத் தனிக்குடித்தனம்" என்று சிவப்பு எழுத்து. அர்த்தம் புரியாமல் யாராவது உள்ளே தலையை நீட்டினால் போதும், சித்தர் ஆரம்பித்துவிடுவார்.

"லேப்டாப்புக்குள்ள பாட்டு, பேச்சு எல்லாத்தையும் சத்தமாக்க சவுண்டு கார்டுன்னு ஒண்ணு இருக்கு. அது அங்கன ஒத்தையிலயா இருக்கு? காத்தாடி இருக்கு, பேட்டரி இருக்கு, வைஃபை இருக்கு. எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள. கூட்டுக் குடும்பம். மாமியா, நாத்தனா, ஓரகத்தி எல்லாரும் ஒரே அடுக்களையில நின்னா, வந்த பிள்ள வாயத் தொறக்க முடியுமா? அதான் சத்தம் இரையுது. அந்தப் பிள்ளைக்கு வெளிய ஒரு வீடு பாத்துக் குடுங்க. பைய பாட ஆரம்பிக்கும்."

பெண்கள் பக்கம் இதற்குப் பலத்த ஆதரவு. மாமியாரோடு வந்திருந்தவர்கள் மட்டும் சத்தமில்லாமல் தலையாட்டினார்கள்.

இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிற சவுண்டு கார்டு ஒன்று, தனியாக வாங்கி வெளியே சொருகுகிற சவுண்டு கார்டு ஒன்று என்று இரண்டு வகை இருப்பது நிஜம். யாருக்கு எது வேண்டும் என்று வேலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் பொய் வியாபாரம் நன்றாகப் பொங்கவும் கொஞ்சம் உண்மை போட்டு அரைக்க வேண்டியிருக்கிறது, தோசை மாவுக்கு உளுந்து போடுகிற மாதிரி.

சித்தர் விற்ற வெளிவீட்டுக்கு நாதப்பெட்டி என்று பெயர். உள்ளங்கை அகலத்தில் பித்தளைப் பெட்டி. ஒரு பக்கம் லேப்டாப்பில் சொருக ஒரு வால். மறுபக்கம் ஸ்பீக்கரோ ஹெட்போனோ மைக்கோ சொருக ஓர் ஓட்டை. கையில் வாங்கினால் கனக்கும்.

"உள்ள என்ன சாமி இருக்கு?"

"தாமிரம். பாபநாசத்துல ஆறு மலைய விட்டு எறங்குற எடத்துல, பௌர்ணமி அன்னைக்கு முங்கவச்சி எடுத்த தாமிரக் கம்பி. நம்ம ஆத்துப் பேர்லயே தாமிரம் இருக்கு. எந்த ஊர்க்காரனுக்கு வே இந்தப் பாக்கியம் உண்டு?"

ஊர்ப்பெருமையைத் தொட்டுவிட்டால் எங்கள் ஆட்களின் பர்ஸைத் தனியாகத் தொட வேண்டியதில்லை. தானே திறந்துகொள்ளும்.

பெட்டியைச் சும்மா கொடுத்துவிட மாட்டார். முதலில் வைத்தியம். லேப்டாப்பை வாங்கிப் பலகையில் வைப்பார். சுவரில் உள்ள போர்டில் சார்ஜரைச் சொருகுவார். இரண்டு பெரிய ஸ்பீக்கரில் இணைத்து ஒரு பக்திப் பாட்டு போடுவார். பாட்டுக்குப் பின்னால் "ங்ங்ங்ங்" என்று வண்டு குடைவது போல ஓர் இரைச்சல் கேட்கும். எந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தாலும் கேட்கும். கூட்டம் உச்சுக்கொட்டும்.

"கேட்டியளா? உள்ள சண்டை நடக்கு."

பிறகு சார்ஜரைப் பிடுங்குவார். "இது இப்ப விரதம். அரை மணி நேரத்துக்குக் கரண்டு கிடையாது. உள்ள இருக்கிறத வச்சி உயிரு வாழணும்." லேப்டாப்புக்கு மஞ்சள் துணி போர்த்துவார்.

விரதம் என்பது பொதுச்சொல். திருச்செந்தூருக்கு மாலை போட்டவர் வந்தால் சஷ்டி விரதம். பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவர்களிடம் அதே சமாச்சாரம் உபவாசம். மேலப்பாளையத்துக்காரர்களிடம் நோன்பு. ஒருநாள் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அவரிடம் டயட் என்றார். அவரும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

பேட்டரி கிழடுதட்டிப் போன லேப்டாப் அரை மணி தாங்காது அல்லவா? அதற்கும் வழி வைத்திருந்தார். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பத்து நிமிஷம் போதும். தெய்வத்துக்கு இரக்கம் உண்டு.

விரதம் முடிந்ததும் துணியை எடுத்து, பெட்டியைச் சொருகி, அதே பாட்டைப் போடுவார். இரைச்சல் மாயமாகப் போயிருக்கும். பாட்டு கணீரென்று கேட்கும். சித்தரின் சுண்டுவிரல் அந்த நேரத்தில் வால்யூமை ரெண்டு கட்டம் ஏற்றும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்திப் பரவசத்தில் விரல் நடுங்குகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசியாக ஒரு கட்டளை. பெட்டி சொருகியிருக்கும்போது சார்ஜர் போடக் கூடாது. "சோறு தின்னுக்கிட்டே விரதம் இருக்க முடியுமா?" என்பார். யாராவது திரும்பி வந்து, "மறுபடியும் இரையுது சாமி" என்று முறையிட்டால் ஒரே ஒரு கேள்விதான்.

"சார்ஜர் போட்டியளா இல்லையா?"

"போட்டேன் சாமி."

"அப்ப பெட்டியக் குத்தம் சொல்லாதிய."

வந்தவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தன் பாவத்தை எண்ணியபடியே பஸ் ஏறுவார்.

நானும் ஒரு பெட்டி வாங்கினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டைப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தேன். மிருதங்கம் தனியாகக் கேட்டது. கஞ்சிரா தனியாகக் கேட்டது. பாடகர் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பெட்டி இன்னும் மேசையிலதான இருக்கு, சொருகலையா?" என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். சொருக மறந்திருந்தேன். உடனே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அருள் தூரத்திலிருந்தே வேலை செய்கிறது என்று நினைத்தேன். மெய்சிலிர்த்தும் போனேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது டார்லினுக்கு வருவோம்.

டார்லின் பாளையங்கோட்டைப் பெண். அம்மா பாக்கியவதி டீச்சர், முப்பது வருஷம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். அப்பா இல்லை. டார்லினுக்கு நல்ல குரல். வார்த்தையை அழுத்தி, நிறுத்தி, தண்ணீர் மொண்டு கொடுப்பது போல வாசிப்பாள். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை ஒலிநூலாக வாசிக்கிற வேலை ஒன்று சென்னையிலிருந்து அவளுக்கு வரப் பார்த்தது. வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாம். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டாம். மாதிரிக்கு எட்டு நிமிஷம் வாசித்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். "குரல் பிரமாதம், பின்னால் இரைச்சல் இருக்கிறது" என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள். அதே பதில். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கடைசியாக ஒருமுறை அனுப்பலாம், அதிலும் இரைச்சல் இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மாவும் மகளும் லேப்டாப்பையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு சித்தர் கடைக்கு வந்தார்கள். டீச்சரின் காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை. கையில் கைக்குட்டை முடிச்சாக இருந்தது.

"பெட்டிக்கா டீச்சர்?" என்றேன்.

"ஆமா அண்ணாச்சி. பிள்ளைக்கு வேலையவிட கம்மலா பெருசு?"

டார்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் வேண்டாம்னுதான் சொல்லுதேன் அண்ணாச்சி. கேக்க மாட்டேங்காவ. கடையில விக்கிற சாதாரண சவுண்டு கார்டு ஒண்ண வாங்கிப் பாப்போமான்னு கேட்டேன். அதுல அருள் இல்லையாம்."

"ஏட்டி, சும்மா இரு" என்றார் அறிவியல் டீச்சர்.

சித்தர் லேப்டாப்பை வாங்கிச் சார்ஜரைச் சொருகினார். ங்ங்ங் என்று இரைந்தது. மற்ற லேப்டாப்புகளைவிட இது கொஞ்சம் கூடுதலாகவே இரைந்தது. "முத்திப்போன கேசு. இன்னைக்கே கொண்டாந்தது நல்லது" என்றார். டீச்சர் கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷம்ஸியா உள்ளே வந்தாள். டார்லினோடு கல்லூரியில் படித்தவள். காயல்பட்டினத்துப் பெண், வீட்டுக்காரர் அகமது மீரான் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். தினமும் லேப்டாப்பில்தான் இருவருக்கும் பேச்சு. ரெண்டு மாதம் முன்னால் அவளும் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெட்டி வாங்கிப் போனவள்தான்.

பெட்டியைச் சித்தர் முன்னால் வைத்தாள்.

"இது வேண்டாம் சாமி. திருப்பி எடுத்துக்கிடுங்க."

"ஏம்மா, நோன்ப முறிச்சியா?"

"இல்ல. பெட்டிய எங்க உம்மா வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டேன். பெட்டி இல்லாமலே ஒரு வாரம் பேசினேன். சத்தம் சுத்தமா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரவ, புதுப் பெட்டி வாங்கினியான்னு கேட்டாவ. அப்பதான் யோசிச்சேன்."

என்னைப் போலவே அவளும் பெட்டியைச் சொருக மறந்திருக்கிறாள். எனக்கு மெய்சிலிர்த்தது. அவள் யோசித்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

"உங்ககிட்ட ரெண்டு மருந்து இருக்கு சாமி" என்றாள் ஷம்ஸியா. "சார்ஜரப் பிடுங்குதிய. பெட்டியச் சொருகுதிய. ரெண்டையும் ஒண்ணா செய்யுதிய. எது குணமாக்குச்சு?"

"ரெண்டும் சேந்ததும்மா. பிரிக்கப்படாது."

"பசிக்குதுன்னு ஒருத்தன் வாரான். நாலு இட்லியத் தின்னுட்டு, கையில ஒரு தாயத்தையும் கட்டுதான். பசி அடங்கிட்டு. தாயத்தாலயா அடங்குச்சு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சித்தர் சிரித்த பக்கம் பார்த்து, "தெய்வத்தச் சோதிக்கப்படாது" என்றார். அத்தோடு அவரை விட்டிருப்பார்கள். எங்கள் கூட்டம் நல்ல கூட்டம், யாரையும் சங்கடப்படுத்தாது. ஆனால் பாக்கியவதி டீச்சர் எழுந்து நின்றார்.

"சாமி, செஞ்சு காட்டிருங்க. உங்க பெட்டிக்கு என்ன பயம்? இந்தப் பிள்ள வாய அடைச்சிட்டு, எம்மவ வேலையப் பாப்போம்."

சித்தரைச் சோதனைக்கு இழுத்தது ஷம்ஸியாவின் சந்தேகம் இல்லை, டீச்சரின் நம்பிக்கை. சந்தேகப்படுகிறவரை விரட்டிவிடலாம். நம்புகிறவரை என்ன செய்வது? சித்தர் லேப்டாப்பை மெல்ல முன்னால் தள்ளினார்.

ஷம்ஸியா என்னிடம் காலி பேப்பர் அட்டைப்பெட்டி ஒன்று கேட்டாள். கொடுத்தேன். டார்லினின் லேப்டாப்பை ஸ்பீக்கரில் இணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினாள். பின்பக்கம் கை நுழைகிற அளவுக்கு மட்டும் கிழித்துக்கொண்டாள். சித்தர் முன்னால் வைத்திருந்த நாதப்பெட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

"டீச்சர், என் ஹேண்ட்பேக்கக் கொஞ்சம் பிடிங்க" என்று தன் பையை டீச்சர் மடியில் வைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "மூணு தடவ பாட்டுப் போடுவேன். ஒவ்வொரு தடவைக்கும் உள்ள கைய விட்டு ஏதாவது செய்வேன். எந்தத் தடவ நாதப்பெட்டி இருந்துச்சுன்னு நீங்க காதால கேட்டுச் சொல்லணும்."

முதல் தடவை பாட்டு போட்டாள். அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டாள். இரண்டாம் தடவை போட்டாள். மறுபடி கையை விட்டாள். மூன்றாம் தடவை.

முக்கால்வாசிப் பேர் இரண்டாவது என்றார்கள். "மொதல்ல தகரம் மாதிரி இருந்துச்சு, ரெண்டாவதுதான் தாமிரம் பேசுச்சு" என்றார் ஒரு பெரிய மனுஷர். நான் மூன்றாவது என்றேன். மிருதங்கம் தனியாகக் கேட்டதே. பாக்கியவதி டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டாவதுதான்ட்டி. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ செஞ்சிட்டு" என்றார்.

ஷம்ஸியா அட்டைப்பெட்டியைத் தூக்கினாள். லேப்டாப் இருந்தது. நாதப்பெட்டி இல்லை.

"அந்த ஹேண்ட்பேக்கத் தொறங்க டீச்சர்."

டீச்சர் திறந்தார். நாதப்பெட்டி அவர் மடியில், பைக்குள் இருந்தது. மூன்று பாட்டுக்கும் அங்கேதான் இருந்தது.

சித்தர் லேசுப்பட்டவர் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் கையைத் தூக்கினார். "பாத்தியளா? பைக்குள்ள இருந்தாலும் அருள் எட்டத்துலேருந்தே வேல செய்யுது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அச்சு அசல் என் வசனம். நான் என் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நினைத்ததைத்தான் அந்த மனுஷன் சபையில் சொல்கிறார். அவருக்காவது அது பிழைப்பு. எனக்கு என்ன வந்தது?

"அப்படியா?" என்றாள் ஷம்ஸியா. "அப்ப கிட்டக்க இருந்தா இன்னும் நல்லா வேல செய்யணும்." பெட்டியை எல்லாரும் பார்க்க லேப்டாப்பில் சொருகினாள். ஸ்பீக்கரைப் பெட்டியில் சொருகினாள். பிறகு சார்ஜரை எடுத்துச் சுவரிலுள்ள போர்டில் சொருகினாள்.

ங்ங்ங்ங் என்று இரைந்தது. பெட்டி, தாமிரம், பௌர்ணமி எல்லாம் அங்கேயேதான் இருந்தன.

"விரதம் முறிஞ்சிட்டு. அதான்" என்றார் சித்தர்.

ஷம்ஸியா சார்ஜரைப் பிடுங்கினாள். பெட்டியையும் பிடுங்கி மேசையில் வைத்தாள். ஸ்பீக்கரை நேராக லேப்டாப்பில் சொருகிப் பாட்டைப் போட்டாள். துடைத்துவிட்டது போலச் சுத்தமாகக் கேட்டது.

"பெட்டி இருந்தும் விரதம் இல்லைன்னா இரையுது. பெட்டி இல்லாம விரதம் இருந்தா இரையல. அப்ப விரதம்தான் மருந்து. பெட்டி எதுக்கு சாமி?"

சித்தர் மஞ்சள் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. எல்லா லேப்டாப்பும் இந்தக் கடையில் ஏன் தவறாமல் இரைகிறது? என் கடையிலிருந்து நீள வயர் பெட்டியை இழுத்துவந்தேன். ஜெராக்ஸ் மிஷின் வைத்த நாளில், எர்த்துக் குழி தோண்டினால்தான் மிஷினை இறக்குவேன் என்று மெக்கானிக் அடம்பிடித்து, என் செலவில் தோண்டிய எர்த்து எனக்கு இருக்கிறது. கூட்டத்தில் ஒருவருடைய லேப்டாப்பைச் சித்தர் போர்டில் போட்டோம். இரைந்தது. என் வயரில் போட்டோம். இரைச்சல் இல்லை. ஒருத்தர் ஸ்குரூடிரைவர் எடுத்துவந்து சித்தர் போர்டைக் கழற்றினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பச்சை வயர் ஒன்று வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றி, சுவருக்குள் சுருண்டு கிடந்தது.

பாக்கியவதி டீச்சர் அந்தப் பச்சை வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரும் கேட்காமலே, கரும்பலகை முன்னால் நிற்பது போலச் சொன்னார்.

"புவி இணைப்புக் கம்பி பச்சை நிறமுடையது. கசியும் மின்சாரத்தைப் பூமிக்கு அனுப்பும்." அனுப்ப வழியில்லாத மின்சாரம்தான் ஸ்பீக்கரில் இரைந்திருக்கிறது. "ரெண்டு மார்க்கு கேள்வி. முப்பது வருஷமா கேட்டிருக்கேன்."

டார்லினின் சார்ஜரை என் வயரில் போடலாம் என்று கையில் எடுத்தேன். பிளக்கில் இரண்டு பின்தான் இருந்தது. மூன்றாவது, பெரிய பின் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை மொட்டை ஒன்று மினுங்கியது.

"இது எங்கன போச்சு?" என்றேன்.

டீச்சர் தரையைப் பார்த்தார். "நான்தான் அறுத்தேன். எங்க வீட்டுச் சொவத்துல ரெண்டு ஓட்டைதான இருக்கு. இது மூணு வச்சிருந்துச்சு. ஒண்ணு அதிகப்படின்னு நெனைச்சி, ஆக்சா பிளேட வச்சி அறுத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் வீட்டிலும் அந்தப் பின் அறுபட்டுத்தான் கிடக்கிறது.

"ஏட்டி டார்லின், ஒன் இரைச்சலுக்கு நான்தான் காரணம்" என்றார் டீச்சர்.

"பரவால்லம்மா. மொதல்ல கம்மலப் போடுங்க" என்றாள் மகள்.

என் கல்லாவில் ஜெராக்ஸ் தாளின் ஸ்டேப்லர் பின்னைக் கழற்றுகிற கொக்கி இருக்கும். அதை எடுத்து நாதப்பெட்டியின் மூடியை நெம்பினேன். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் சவுண்டு கார்டு. ஜங்ஷனில் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கிறதுதான். மிச்ச இடத்தில் மெழுகை உருக்கி ஊற்றி, நாலு கூழாங்கல் பதித்திருந்தது. கனத்தது அதுதான். கல்லைக் கையில் உருட்டிப் பார்த்தேன், நம் ஆற்றுக் கல்தான். சித்தர் முழுப் பொய்யும் சொல்லவில்லை; பெட்டிக்குள் தாமிரபரணி இருந்தது. தாமிரம்தான் இல்லை.

மணப்பாட்டிலிருந்து வந்திருந்த தொம்மை என்பவர் கையைத் தூக்கினார். கோயில் பாடகர் குழுவின் பாட்டைப் பதிவு செய்கிறவர். "அப்ப வெளிய சொருகுற கார்டே வேண்டாங்கியளா?"

"அப்படி இல்ல அண்ணாச்சி" என்றாள் டார்லின். "நாலு மைக்கு வச்சிப் பதியிற உங்களுக்கு நல்லதா ஒண்ணு வேணும். லேப்டாப்புல ஹெட்போன் ஓட்டை ஒடஞ்சவங்களுக்கும் வேணும். சும்மா பாட்டுக் கேக்கவும் போன் பேசவும் உள்ள இருக்கிறதே போதும். கண்ண மூடிக்கிட்டு ரெண்டையும் கேட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா வாங்குங்க. தெரியலைன்னா எதுக்கு?"

கூட்டம் சித்தரைத் தேடியது. அவர் நாற்காலியில் மஞ்சள் துணி மட்டும் கிடந்தது. என் நாற்காலி அது.

மணி மூன்றரை. அம்மாவும் மகளும் ஷம்ஸியாவும் ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குப் பறந்தார்கள். டார்லினின் பேட்டரி கிழட்டுப் பேட்டரி, இருபது நிமிஷம் தாங்கினால் அதிகம். அதனால்தான் எப்போதும் சார்ஜரோடு வைத்தே பதிவு செய்திருக்கிறாள், இரைச்சலும் கூடவே பதிவாகியிருக்கிறது. வீட்டில் பேட்டரியை முழுக்க ஏற்றும் வரை மூவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். நாலே முக்காலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் சார்ஜரைப் பிடுங்கி, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, எட்டு நிமிஷம் ஒரே மூச்சாக வாசித்தாள். ஐந்துக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள். அந்த லேப்டாப் அன்றைக்கு நிஜமாகவே விரதம் இருந்தது. தட்சணை இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை டீச்சரே என் கடைக்கு வந்தார். காதில் கம்மல் இருந்தது. வேலை கிடைத்துவிட்டது, ஒப்பந்தத் தாளை நகலெடுக்க வேண்டும் என்றார்.

"வாசிக்க மொதல்ல என்ன புஸ்தகம் குடுத்திருக்காவ டீச்சர்?"

டீச்சர் செல்போனை எடுத்து, டார்லின் அனுப்பியிருந்த பதிவைப் போட்டார். இரைச்சல் இல்லாத, தண்ணீர் மொண்டு கொடுக்கிற அந்தக் குரல் வாசித்தது. "எட்டாம் வகுப்பு அறிவியல். மின்னியல். மூன்று பின் செருகியில் தடித்த பின் எதற்கு?"

"கேள்விய மட்டும் நாலு தடவ போட்டுக் கேட்டுட்டேன் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "கண்ணு தெரியாத பிள்ளைங்க இதக் கேட்டுப் படிச்சி வெளங்கிக்கிடும். எனக்குத்தான் கண்ணு தெரிஞ்சும் வெளங்கல." போகும்போது புது மூன்று பின் வயர் எங்கே கிடைக்கும், சுவரில் மூன்று ஓட்டை போர்டு மாட்ட யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

பெட்டி வாங்கியவர்களில் எத்தனை பேர் சித்தரைத் தேடிப் போனார்கள் என்று கேட்பீர்கள். அதிகம் இல்லை. தேடிப் போனால், ஏமாந்ததை ஊரறிய ஒத்துக்கொள்ள வேண்டுமே. அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் மட்டும் ஒருநாள் வந்து, "நான் ஆராய்ச்சிக்குத்தான் வாங்கினேன்" என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். இன்னும் சிலர், "அந்தப் பிள்ள வந்து அருளைக் கெடுத்துட்டா" என்று பேசிக்கொள்கிறார்கள்.

என் நாதப்பெட்டியைக் கழித்துப்போடவில்லை. கல்லாவில் தாள் பறக்காமல் அதைத்தான் வைத்திருக்கிறேன். கூழாங்கல் கனம் இருப்பதால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. வாங்கிய நாளிலிருந்து அது ஒழுங்காகச் செய்கிற முதல் வேலை.

போன வாரம் திருச்செந்தூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் துணி, அதே குரல். இந்தத் தடவை வைஃபை பெட்டிக்குத் திருஷ்டி கழிக்கிறார். கடல் பார்த்து வைத்தால் சிக்னல் அலைபோல வருமாம். சுற்றி நின்றவர்களில் நாலைந்து முகம் எனக்குத் தெரிந்த முகம். வண்ணார்பேட்டையில் என் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணாரப் பார்த்தவர்கள்தான்.

அவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்ல நினைத்தேன், உங்களிடமும் சொல்கிறேன். லேப்டாப் பாவம், அதற்கு அரை மணி நேர விரதமே அதிகம். நம் தலைக்குள் இருப்பது பல காலமாக விரதம் இருக்கிறது. அதற்கு ஒருவாய் சோறு போடுங்கள்.